மாறி மாட்டிய பொத்தான்

தாலுகா ஆபீஸ் ஜன்னல் வழியாக விழும் காலை வெயிலில், எண்ணெய் பூசிய துப்பாக்கிக் குழல் மினுங்குகிறது. லைசென்ஸ் புதுப்பிக்கும் குமாஸ்தா அதன் நம்பரைத் தடவிப் பார்க்கிறார். குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிறார். கட்டையில் கீறல் உண்டா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். துப்பாக்கிக்காரர் அய்யாக்குட்டியை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனின் சட்டைப் பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்றில் மாட்டியிருப்பதை, பக்கத்தில் நிற்கும் பகவதி வீட்டிலேயே கண்டாள். வேண்டுமென்றேதான் சரிசெய்யாமல் விட்டாள். அவருக்குப் புத்தி சரியில்லை என்று தன் வாயால் சொல்ல அவளால் ஆகாது. பார்க்கிறவராவது புரிந்துகொண்டு துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கொழும்பில் ஜப்பான் விமானம் குண்டு போட்டு மகன் செந்தூர்பாண்டி செத்து இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து, துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினாலே போதும், துப்பாக்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி தெருவில் இறங்கிவிடுகிறார்.

குமாஸ்தா ஒருவழியாக நிமிர்கிறார். “என்ன அண்ணாச்சி, பித்தானை மாத்தி மாட்டியிருக்கீய?”

“மவன்தான் மாட்டிவிட்டான்” என்கிறார் அய்யாக்குட்டி, முகமெல்லாம் சிரிப்பாக.

“அப்படியா! மவனும் கூட வந்திருக்கானாம்மா?”

கேள்வி பகவதியிடம் வருகிறது. இதற்காகத்தானே அவரோடு கிளம்பி வந்தாள். புருஷனைப் பார்க்கிறாள். சிரிப்பு மாறாமல் அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“வாசல்ல நிக்கான், ஐயா.”

முத்திரை விழுகிறது. அய்யாக்குட்டி துப்பாக்கியை வாங்கித் தோளில் சாத்திக்கொண்டு, மகனைப் பார்க்க வாசலுக்கு ஓடுகிறார்.