நாவ்

ஒஸ்லோ ஆஸ்பத்திரி ஒன்றின் சலவை அறையில், நீராவிக்கு நடுவே பூமணியும் லாத்வியாக்காரி இல்ஸேயும் ஒரு வெள்ளை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிக்கிறார்கள். மகள் படிக்கும் லாத்வியத் தலைநகர் ரீகாவுக்கு வெள்ளிக்கிழமை போகவிருக்கும் பூமணி, அங்கே என்ன பாஷை கதைப்பது என்று நோர்வேஜிய மொழியில் கேட்கிறாள். “சந்தையிலை ரஷ்யன், படிக்கிற பிள்ளையளோடை இங்கிலிஷ், வீடுகளிலை லாத்வியன்.” “உம்மடை வீட்டுக்கு என்ன கொண்டுபோக? அங்கை ஆர் இருக்கினம்?” “நாவ்,” என்கிறாள் இல்ஸே. நோர்வேயில் நாவ் என்றால் உதவிப்பண அலுவலகம். “நாவ் ஒஃபிஸைக் கேக்கேல்லை, வீட்டைக் கேட்டனான்.” இல்ஸே விரிப்பை விட்டுவிட்டு வெறுங்கைகளை விரித்துக் காட்டுகிறாள். “நாவ்.” அவளுடைய பாஷையில் அதற்கு ‘இல்லை’ என்று அர்த்தம் என்பது பூமணிக்கு இப்போதுதான் விளங்குகிறது. விரிப்பின் மறுமுனை தரையில் கிடக்க, தன் முனையை மட்டும் பிடித்தபடி நிற்கிறாள்.