பாய் கடலுக்குப் போயிருக்கார்

"மே மாசம் பொறந்தாச்சு. இப்பப் போயி கடையப் பூட்டுறேங்கிறீங்களே பாய்?"

அழகையாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் விற்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு சீசன்தான் சோறு. அந்த நேரம் பார்த்து எதிர்க்கடை இப்ராம்சா, குடும்பத்தோடு உல்லாசமாய்க் கிளம்புகிறாராம். அதுவும் சிலோனுக்கு. கடற்கரை ஓட்டலில் பத்து நாளாம்.

"ஊர்ல உள்ளவன் பூராம் லீவுக்கு இங்க வர்றான். நாங்க ஒரு தடவ எங்கிட்டாச்சும் போகக்கூடாதாப்பா?" என்றார் இப்ராம்சா. "நீ அங்க பொறந்தவனாச்சே. எந்தப் பக்கம் கடல் நல்லாருக்கும்?"

அழகையாவுக்குச் சுருக்கென்றது. அந்தச் சிலோன் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து ஒற்றை அறையில் பிறந்து, உனக்கு இங்கே குடியுரிமை இல்லை என்று மூட்டை முடிச்சோடு அனுப்பப்பட்டவன் அவன்.

"கப்பலேத்தி விட்டப்பத்தான் பாய் நான் கடலையே பார்த்தேன். நல்லாருந்துச்சான்னு பார்க்க நேரமில்ல."

மறுநாள் வெள்ளனே இப்ராம்சா கடையில் பூட்டுத் தொங்கியது.

"கொழுப்பு," என்றாள் அழகையாவின் பெண்டாட்டி மூக்கம்மா. "இந்த சீசனும் ஓடலேன்னா நாம கடையக் காலி பண்ணிட்டு பெரும்பாறைக்கு மிளகு பறிக்கப் போகணும். அவருக்குக் காத்து வாங்கணுமாக்கும்."

"அவரு போனது நமக்கு நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா எதுக்குப் போனாரு? அதான் மண்டையக் கொடையுது."

அழகையாவுக்கும் அதே குடைச்சல்தான். கடை போட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. வருகிற கூட்டமெல்லாம் பழக்கதோஷத்தில் பாய் கடைக்குள்தான் நுழையும். இவன் வாசலில் நின்று தொண்டை வறளக் கூப்பிட்டதுதான் மிச்சம். அப்படிப்பட்ட வியாபாரத்தை எவனாவது விட்டுவிட்டுப் போவானா? காசு கண்ணை மறைத்துவிட்டது என்று டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தான்.

அதைவிடக் குழப்பம் அன்று மத்தியானம் ஆரம்பித்தது. பஸ்ஸைவிட்டு இறங்குகிற ஜனங்கள் நேராக வந்து, "அழகையா கடை இதுதானுங்களா?" என்று கேட்டார்கள்.

"ஆமாங்க. யாரு சொன்னா?"

"வர்ற வழியில யாரோ ஒருத்தரு."

மேற்கொண்டு விசாரிக்கக் கூட்டம் விடவில்லை. ராத்திரி கடை சாத்தும்போது மூக்கம்மாவிடம் கேட்டான்.

"நீ எதும் நேந்துக்கிட்டியா?"

"பழனி முருகனுக்கு நேந்ததுதான். ஆனா அவரு பஸ்ஸுல ஏறி ஆள் பிடிச்சு அனுப்புவாரா என்ன?"

ஒரு வாரத்தில் அலமாரி காலி. மதுரையிலிருந்து வருகிற சரக்கை இறக்கிக்கொள்ள அழகையா மலைப்பாதையில் கீழே இருக்கிற பெருமாள்மலைக்கு இறங்கிப் போனான். டூரிஸ்ட் பஸ்கள் டீ குடிக்க வரிசையாய் நின்றிருந்தன. தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒருவர் ஜன்னல் ஜன்னலாய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேல குளிரு தாங்க மாட்டீங்கம்மா. பஜார்ல அழகையா கடைன்னு கேளுங்க. வெல கூட்டிச் சொல்ல மாட்டான்."

அழகையா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இப்ராம்சாவேதான். கடலுக்குப் போன மனிதர் காட்டுக்குள் என்ன செய்கிறார்? கூப்பிட வாயெடுத்தவனை, பக்கத்து மளிகைக் கடையிலிருந்து முக்காட்டை இழுத்துவிட்டபடி ஓடிவந்து தடுத்தாள் ஆமினா. பாயின் மனைவி. அது அவளுடைய அண்ணன் கடை.

"என்னம்மா இது? சிலோனு?"

"எங்களுக்கு அதெல்லாம் கட்டுபடியாகுமாண்ணே? கடையக் காலி பண்ணப் போறீங்கன்னு மூக்கம்மாக்கா எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு. இவர்ட்டச் சொன்னேன். நாம கடையில இருந்தா சனம் நம்மகிட்டத்தான் வரும், அவன் எந்திரிக்கவே மாட்டான்னாரு."

"அதுக்கு எதுக்கு சிலோனு?"

"பக்கத்து ஊருன்னு சொன்னா, சீசன் நேரத்துல இப்படிப் பண்ணலாமான்னு வந்து கூட்டிட்டுப் போயிருவீங்கள்ல?"

அழகையாவுக்கு டீக்கடையில் பேசிய பேச்செல்லாம் முள்ளாய்க் குத்தியது. போய் அந்த மனிதரின் கையையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நடந்தவனை ஆமினா மறித்தாள்.

"பார்க்காத மாதிரி வெரசாப் போயிருங்கண்ணே. நீங்க பார்த்துட்டீங்கன்னு தெரிஞ்சா, மனுசன் வெக்கப்பட்டுக்கிட்டு நாளைக்கே கடையத் தொறந்துருவாரு."