கத்துக்குட்டியின் கை

"நீ கத்துக்குட்டிதானே? மறைக்காம சொல்லு பாப்பா."

டாரதியின் குரலுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவே திரும்பிப் பார்த்தது. ஸ்கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மிரேய் கட்டிலருகே நின்றுவிட்டாள்.

"ஆமா மேடம், பயிற்சி டாக்டர்தான்."

"அப்போ வேற யார்கிட்டயாவது போய்ப் பழகு. என் வீட்டுக்காரர் உடம்பு என்ன பள்ளிக்கூடமா?"

கட்டிலில் வெண்டல் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. உடம்பில் நீர் வற்றியிருந்தால் சலைன் ஏற்ற வேண்டும். இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் ஊசி குத்தி அதை எடுக்க வேண்டும். எது என்று நெஞ்சில் ஸ்கேன் வைத்தால்தான் தெரியும்.

பெரிய டாக்டர் ஹாகனோ அடுத்த அறையில், பனியில் கார் சறுக்கி அடிபட்டவரைக் காப்பாற்ற மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மிரேய் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். டாரதி மசியவில்லை. ஹாகன் வரட்டும் என்று கட்டிலுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

வெண்டல் கையை நீட்டி மனைவியை மெல்ல ஒதுக்கினார். ஆஸ்பத்திரி அங்கியைத் தானே இறக்கிவிட்டு, "வா" என்று மிரேயைக் கண்ணால் கூப்பிட்டார்.

அவர் நெஞ்சில் ஸ்கேன் பசையைத் தடவிக் கருவியை வைத்தாள் மிரேய். திரையில் விலா எலும்பின் நிழல்தான் தெரிந்தது. டாரதி உச்சுக்கொட்டினாள். கருவியைச் சற்றே சாய்த்தாள் மிரேய். இதயம் தெரிந்தது. சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம்: கோத்திருந்த நீர்.

கூப்பிட்டதும் ஹாகன் ஓடி வந்தார். படம் அசையாமல் அவள் கருவியைப் பிடித்துக்கொள்ள, அதைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார். நீர் வெளியேற வெளியேற ரத்த அழுத்தம் ஏறியது.

"நல்லவேளை, பெரிய டாக்டர் நீங்க வந்தீங்க," என்று சொல்லிப் படிய வாரிய தன் வெள்ளிமுடியைச் சரிசெய்துகொண்டாள் டாரதி.

ஹாகன் போனதும் வெண்டலின் நெஞ்சிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டே, "என்னை எப்படி நம்புனீங்க சார்?" என்று தணிந்த குரலில் கேட்டாள் மிரேய்.

வெண்டல் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். மேடும் பள்ளமுமாக வெட்டியிருந்த தலையையும், நுனி பிளந்து ஆறியிருந்த காதையும் தடவிக்கொண்டார்.

"இவ முடி வெட்டக் கத்துக்கொடுக்கிற பள்ளிக்கூடம் நடத்துறாம்மா. புதுசா சேர்ற பொண்ணுங்க எல்லாம் முதல்ல கத்தரி வைக்கிறது என் தலையிலதான். அவங்களுக்கு உன் கை எவ்வளவோ தேவலை."