பச்சை ஜெர்சியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை

நியூசிலாந்தின் ஏவன்டேலில் இப்போதுதான் விடிகிறது. தொலைக்காட்சிக்குள், டப்ளினில், இன்னும் நேற்று மாலை. அயர்லாந்து கால்பந்து அணியின் பச்சை வரிசையில் நான்காவதாக நிற்கிறான் ரோரி. சோதிலிங்கத்தின் பக்கத்து வீட்டில் பிறந்து, அவர் மகன் நிமலனோடு பந்தடித்து வளர்ந்தவன். தகப்பனின் நாட்டுக்கு விளையாடக் கடந்த மாதம்தான் அனுமதி கிடைத்தது. இன்று முதன்முறையாகத் தடுப்பாட்டத்தில் இறங்குகிறான். சோதிலிங்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கிறார். "இஞ்ச வளந்த பிள்ளை. நியூசிலாந்துக்கெல்லோ விளையாடியிருக்கோணும்." மனைவி புஷ்பவதி ஆரஞ்சுத் தோடம்பழங்களை நாலாகப் பிளந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவுகிறாள். திரைச்சீலை இடுக்கால் வந்த வெளிச்சம் தட்டில் ஈரமாக மினுங்குகிறது. முன்பு பிள்ளைகளின் சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளைக்கு அவள் முதல்முறை இப்படிக் கொண்டுபோனபோது பிள்ளைகள் எல்லாரும் துப்பினார்கள். ஏழு வயது ரோரி மட்டும் விரலை நக்கியபடி இன்னொரு துண்டு கேட்டான்.

தேசிய கீதம் தொடங்குகிறது. ரோரியின் உதடுகள் ஒரு சொல் பிந்தி அசைகின்றன. "பாட்டுத் தெரியேல்லை அவனுக்கு" என்கிறார் சோதிலிங்கம். புஷ்பவதி கத்தியைத் துடைக்கிறாள். "இஞ்ச குடியுரிமை எடுத்த அண்டைக்கு நீங்களும் உப்பிடித்தானப்பா வாயசைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்." சோதிலிங்கம் சோபாவின் கைப்பிடியை ஊன்றி எழுகிறார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு நேராக நிற்கிறார். அவருடைய உதடுகளும் ஒரு சொல் பிந்தி அசைகின்றன.