எத்தனாம் பக்கம்?

"மாமா, ஸ்ரீமதிகிட்டப் போனைக் குடுங்களேன். ஒரே நிமிஷம்."

"குடுக்கத்தான் பார்க்கேன் மாப்ளே, வாங்க மாட்டேங்குறா. இங்கனதான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா." சாத்தூரிலிருந்து மாமனார் சண்முகவேலின் குரல் கரகரத்தது.

"எதுக்கு வந்தேன்னு அவகிட்டக் கேட்டீகளா?"

"கேக்காம இருப்பமா? 'அவருக்கு எழுதிக் குடுத்துட்டேன், அவரே பார்த்துக்கிடட்டும்'ங்குறா. அழிச்ச ஃபைலையே தோண்டி எடுக்குற ஆளு நீங்க. பொண்டாட்டி எழுதுனதைக் கண்டுபிடிக்க முடியலையாக்கும்?"

ஸ்ரீராம்குமார் போனை வைத்தான். பரீட்சை நாளை மறுநாள், சென்னையில்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் அவனுக்கு வேலை. எழுதப்போவதோ, கம்ப்யூட்டரில் அழிக்கப்பட்டதை மீட்டுக் குற்றத்துக்குச் சாட்சி தேடும் படிப்புக்கான பரீட்சை. தேறிவிட்டால் பெங்களூரில் நல்ல வேலை. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம்தான். ஆனால் ஆறு தடிப் புத்தகங்களையும் அங்கே புரட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். எந்தச் சொல் எந்தப் புத்தகத்தில், எத்தனாம் பக்கத்தில் என்று எழுத்து வரிசையில் ஓர் இண்டெக்ஸ் கையில் இருக்க வேண்டும். ஐந்து மாதமாக அவன் வாசிக்க, ஸ்ரீமதி கம்ப்யூட்டரில் அடித்தாள்.

"ஏங்க, இன்னைக்குக் கோயில்ல என்ன நடந்துச்சு தெரியுமா..."

"ஸ்லாக் ஸ்பேஸ். மூணாம் புத்தகம், நாப்பத்தேழு."

"அடிச்சாச்சு. காலையில இருந்து நான் யார்கூடயும் ஒரு வார்த்தை பேசல. நீங்களாவது..."

"அடுத்தது. நூத்திப் பன்னெண்டு."

"அடிச்சாச்சு."

எம்புட்டு வேகம் என்று அவன் மனசுக்குள் மெச்சிக்கொள்வான்.

போன வாரம் வேலை முடிந்த அன்றே பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, அவன் பையில் வைத்துவிட்டாள். அவன் ஒரு பக்கம்கூடச் சரிபார்க்கவில்லை. ஸ்ரீமதி அடித்தால் பிழை இருக்காது. மறுநாள் அவன் கம்பெனியிலிருந்து திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது.

மாமனாரிடம் பேசி முடித்ததும் பீரோவைக் குடைந்தான். தலையணை உறையை உதறினான். அரிசி டப்பாவுக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தான். கடிதம் இல்லை. ஒருவேளை கம்ப்யூட்டரில் எழுதி, மனசு மாறி அழித்திருப்பாளோ? படித்த வித்தை மொத்தத்தையும் இறக்கினான். அழிந்துபோனதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பழைய மளிகை லிஸ்ட், அவர்கள் கல்யாண போட்டோ, பள்ளிக்கூட வேலைக்கு அவள் பாதி எழுதி விட்டுவிட்ட ஒரு மனு. அவனுக்கென்று ஒரு வரி இல்லை.

பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தான். "நாலாம் புத்தகம், எம்பத்தாறு."

'அடிச்சாச்சு' வரவில்லை. கம்ப்யூட்டர் நாற்காலியின் முதுகில் அவள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சப் பரோட்டாவை அப்படியே சுருட்டி வைத்துவிட்டு மறுபடி சாத்தூருக்கு போன் போட்டான். மாமியார் சொர்ணலட்சுமி எடுத்தாள்.

"அத்தை, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. எங்க எழுதி வச்சிருக்கா?"

பின்னாலிருந்து ஸ்ரீமதியின் குரலே கேட்டது. எட்டு நாளைக்கு அப்புறம்.

"எங்க வச்சா அவர் கட்டாயம் பார்ப்பாரோ, அங்கதான் வச்சிருக்கேன்னு சொல்லும்மா."

பிறகும் தேடினான். கிடைக்கவில்லை. சென்னைக்கு ரயிலேறிவிட்டான்.

பரீட்சை அறையில் முதல் கேள்வியே ஸ்லாக் ஸ்பேஸ். ஒரு ஃபைல் நிரப்பாமல் விட்ட மிச்ச இடம். பழைய துணுக்குகள் யாருக்கும் தெரியாமல் தங்கிக் கிடக்கும் இடம். எத்தனாம் பக்கம்? இண்டெக்ஸை முதல் தடவையாகப் பிரித்தான். எஸ் வரிசையில் விரல் இறங்கியது. மூன்றாம் புத்தகம், பக்கம் நாற்பத்தேழு. பிழையே இல்லை.

சில வரிகள் தள்ளி, எழுத்து வரிசை கொஞ்சமும் பிசகாமல், இன்னொரு பெயரையும் அவள் அடித்து வைத்திருந்தாள்.

'ஸ்ரீமதி: புத்தகம் – இல்லை. பக்கம் – இல்லை.'