விவரம் கேட்டவர்

"இந்த வயசுல இதையெல்லாம் கேக்குறது தப்பாம்மா?"

தொலைபேசியில் வந்த குரல் தயங்கியது. மாரீஸ்வரி ஹெட்போனைக் காதில் சரிசெய்துகொண்டாள்.

"தப்பே இல்லம்மா. என் பேரு மாரீஸ்வரி, நர்சிங் படிச்சவ. உங்க பேரச் சொல்ல வேண்டியதில்ல. எதுன்னாலும் நிதானமாக் கேளுங்க."

காரைக்குடி செக்காலை சாலையில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் சிறிய நிறுவனம். பெண்களின் அந்தரங்க நலத்துக்கான கருவிகளை இணையத்தில் விற்றார்கள். தமிழில் சந்தேகம் கேட்கும் பெண்களுக்கு விளக்கம் சொல்வது மாரீஸ்வரியின் வேலை. இன்றோடு அதை விட்டுவிடுவது என்று காலையில்தான் முடிவு செய்திருந்தாள்.

அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற காளிராஜ் நேற்று அழாத குறையாகச் சொன்னான். "அம்மா ஒத்துக்கல மாரி. போன்ல அசிங்கம் பேசுற பொண்ணு நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுங்கிறாக. நீ வேற வேலை பாத்துக்கயேன்."

மதுரைக்குப் போயிருந்த முதலாளி சத்தியப்பிரியா சாயந்திரம் வந்ததும் சொல்லிவிட வேண்டும். அதுவரை வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

"போன வருசம் கர்ப்பப்பைய எடுத்துட்டாக" என்றார் அந்த அம்மா. "புண்ணு ஆறிருச்சு. ஆனா ஒடம்பு மரக்கட்டையா ஆகிப்போச்சு. வீட்டுக்காரவுக பக்கத்துல வந்தாலே வலிக்குமோன்னு பயம். அவுக நல்லவுகதான். இப்ப அவுகளே தனியாப் போயிப் படுத்துக்கிறாக. கோவமான்னு கேக்கவும் எனக்கு வாய் வரல."

"டாக்டருகிட்டச் சொன்னீகளா?"

"சொன்னேன். புள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ற வயசுல இன்னும் என்னன்னு சிரிச்சாக."

மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. "சிரிச்சது அவுக தப்பும்மா. வலி இருந்தா வேற லேடி டாக்டரப் பாருங்க. அதுக்கு மருந்து இருக்கு. எங்க கருவி வலியக் குணமாக்காது, அதை மொதல்லயே சொல்லிர்றேன்."

"அப்ப இது என்னதான் செய்யும்? காத்த வச்சு உறிஞ்சும்னு உங்க விளம்பரத்துல போட்டிருக்கு. படிக்கவே பயமா இருக்கு."

"இது உள்ள விடுறது இல்ல. வெளியில, ஒண்ணுக்குப் போற துவாரத்துக்குக் கொஞ்சம் மேல, சின்ன மொட்டு மாதிரி ஒண்ணு இருக்கும். பொம்பளைக்கு உணர்ச்சி கூடுதலா இருக்குறது அங்குட்டுத்தான். கருவியோட வாய் அதைச் சுத்தி உக்காரும், மேல உரசாது. காத்து லேசா இழுத்து இழுத்து விடும். அதுல ரத்த ஓட்டம் கூடி உணர்ச்சி எழும்பும்."

மறுமுனையிலிருந்து மிக மெதுவாக ஒரு கேள்வி வந்தது.

"ஆப்பரேசன்ல அதையும் சேத்து எடுத்திருப்பாகளோ?"

இத்தனை நாளாக இந்தச் சந்தேகத்தோடா இருந்தார் என்று நினைத்துக்கொண்டாள் மாரீஸ்வரி.

"இல்லம்மா. அது வேற எடம். உங்களுது உங்ககிட்டத்தான் இருக்கு."

அந்த அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாங்குனா எதை வாங்க? வேகம் கூடுனதா?"

"கூடுன வேகத்தப் பாக்காதீக. ஆகக் குறைஞ்சது எவ்வளவு மெதுவா இருக்குன்னு பாருங்க. உங்களுக்கு அதுதான் முக்கியம். வாய்ப்பக்கம் மெத்துனு சிலிக்கான்ல இருக்கணும். ரொம்பச் சின்ன வாயா இருந்தா அழுத்தும், ரொம்ப அகலமா இருந்தா காத்து நிக்காது. கழட்டிக் கழுவுற மாதிரி இருந்தா நல்லது. தண்ணியில கரையிற ஜெல் தடவிக்கங்க, தேங்கா எண்ணெய் வேணாம். மரத்துப்போற மாதிரி இருந்தா நிறுத்திருங்க. புண்ணு, எரிச்சல் இருக்கும்போது வைக்கவே கூடாது."

"சத்தம் வருமா? வீட்டுல ஆள் இருக்காக."

"லேசா வரும். ஆனா உங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாமத்தான் வச்சுக்கணும்னு இல்லம்மா. காட்டியே பேசலாம். அவுக தள்ளிப் படுக்குறது கோவத்துல இல்லாம, உங்களுக்கு வலிக்குமேன்னும் இருக்கலாம்ல?"

"அப்புடியும் இருக்குமோ" என்றார், தனக்குத்தானே கேட்பதுபோல. "இதையெல்லாம் எனக்கு யாரும் இப்புடிச் சொன்னதே இல்ல."

"இன்னைக்கே வாங்கணும்னு இல்ல. மொதல்ல டாக்டரப் பாத்துட்டு, அவுக சரின்னா கூப்பிடுங்க. நாளைல இருந்து நான் இருக்க மாட்டேன். வேற ஆளு பேசுவாக, அவுககிட்டயும் கூச்சப்படாமக் கேளுங்க."

"ஏன், வேலைய விடுறீகளா?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அந்தக் குரலில் இருந்த கனிவுக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. "கல்யாண விசயம்மா. மாப்பிள்ளை வீட்டுல இந்த வேலை பிடிக்கல."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. உங்கள மாதிரி ஒருத்தரு பேசி முடிக்கும்போது குரல் லேசாயிருக்கும். அதுக்காகவே பிடிச்சிருக்கு. ஆனா அவரையும் பிடிச்சிருக்கேம்மா."

அதிகம் பேசிவிட்டோம் என்று மாரீஸ்வரி அழைப்பை முடிக்கப் போனாள்.

"வேலைய விட்டுராத தாயி" என்றார் அந்த அம்மா. "என்னதான் பேசுறன்னு கேட்டு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை திட்டணும்னுதான் போன் போட்டேன். ஒப்புக்கு ஒண்ணு கேக்கப்போயி, நான் படுற பாட்டையெல்லாம் சொல்லிட்டேன். என் மகன் பேரு காளிராஜ்."