திரும்பாத வண்டி

ரோபோ வண்டி முன்னால் போனது. பின்னால் வந்தது.

நிரல் எழுதியவள் ரிமோட்டில் திரும்பும் பொத்தானை அழுத்தினாள். நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"என்னங்க அம்மிணி, உங்க வண்டி மூஞ்சியத் திருப்ப மாட்டேங்குது? கோவமா?" என்றார் சக்கரம் பூட்டும் சென்றாயன்.

பட்டறையே சிரித்தது.

முதலாளி வர இருபது நிமிடம். அவர் முன்னால் வண்டி தூணைச் சுற்றித் தண்ணீர் டம்ளரைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நாளை முதல் அவள் வர வேண்டாம். அவள் நாற்காலிக்குச் சென்றாயனின் மருமகன் காத்திருக்கிறான்.

அவள் நிரலைத் திறக்கவில்லை. எழுந்து, வண்டியை மேலிருந்து பார்த்தாள்.

ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் சாய்வாகச் சின்னச் சின்ன உருளைகள். அவற்றால் வண்டி பக்கவாட்டிலும் நகரும். மேலிருந்து பார்த்தால் நான்கு சாய்வும் வண்டியின் நடுவை நோக்க வேண்டும், பெருக்கல் குறிபோல. அப்போதுதான் தரையில் படும் உருளைகள் வண்டியைச் சுற்றுவாக்கில் தள்ளும்.

இங்கே சாய்சதுரம் தெரிந்தது.

இடச் சக்கரங்கள் வலப்பக்கம். வலச் சக்கரங்கள் இடப்பக்கம். இனி எவ்வளவு வேகம் கொடுத்தாலும் விசை நடுப்புள்ளி வழியாகவே போகும். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதுபோல.

நேற்று மாலை துடைக்கவென்று கழற்றியவர் சென்றாயன். பதினெட்டு வருடம் சக்கரம் பூட்டியவருக்கு இடம் வலம் மாறாது.

ஸ்பேனர் கேட்டாள்.

"ஸ்டோர் பூட்டிக் கெடக்குதுங்க."

அவர் கால்சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருந்தது.

அவள் உட்கார்ந்தாள். தூணைச் சுற்றும் நிரலில் திரும்பும் கட்டளைகளை எல்லாம் அழித்து, பக்கவாட்டில் நகரும் கட்டளைகளை எழுதினாள். சக்கரம் மாறியதால் வலம் என்றால் இடம் போகும். அந்தக் கூட்டல் கழித்தல் குறியை மட்டும் மாற்றினாள்.

முதலாளி வந்தார்.

வண்டி நேரே போனது. அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தது. பின்னால் வந்தது. தூணின் நான்கு பக்கமும் கடந்து, ஒருமுறைகூட முகம் திருப்பாமல், டம்ளரோடு வந்து நின்றது.

தரை வெடிப்பில் ஏறியபோது ஒரு விரல் அளவு கோணிக்கொண்டது. அதை நேராக்க அந்தச் சக்கரங்களால் முடியாது. கவனித்தவர்கள் இருவர் மட்டும்.

முதலாளி தண்ணீரைக் குடித்தார். கைதட்டினார்.

சென்றாயன் முந்திக்கொண்டார். "சக்கரம் பூராம் நானே என் கையால பூட்டுனதுங்க."

"அப்படியா? நின்ன எடத்துலயே ஒரு சுத்து சுத்தும்னாங்களே. காட்டுங்க பாக்கலாம்" என்றார் முதலாளி.

அவள் ரிமோட்டைச் சென்றாயனிடம் நீட்டினாள்.